தெல்லிப்பழைப் பெனிமனும் அளவெட்டிப் பெனிமனும்

தொண்டைமானாற்றில் மீன்காரனோடு வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பெனிமன் அண்ணையின் மகள் மெர்சி அழைத்தாள். "அன்ரி, அப்பா போட்டார்" என்றாள். நித்திரையிலேயே போயிருக்கிறார். நான் அப்படியே பஸ் ஏறித் தெல்லிப்பழைக்குப் போய்விட்டேன். வாசலில் யாரோ என் கையை உற்றுப் பார்த்தபோதுதான், செத்தவீட்டுக்கு மீன் பையையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. பெனிமன் அண்ணை இதைக் கண்டிருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அவர் சிரிக்காமல் படுத்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த நினைவு மலரை நாளைக்கு வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சாமுவேல் ஜெபரத்தினம் பெனிமன் எங்கள் வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்தவர். அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அவர் சேர்ச்சுக்குப் போகும் தெல்லிப்பழை வேதக்காரர்; நான் அளவெட்டிச் சைவக்காரி. மருந்தின் அளவைத் தவிர வேறு எதிலும் நாங்கள் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டே என்னோடு நாள் முழுக்கச் சண்டை பிடிப்பார்.

பெனிமன் என்பது நம் மண்ணில் முளைத்த பெயர் இல்லை. அமெரிக்க மிஷன் இங்கே பள்ளிக்கூடங்களோடு போர்டிங்கும் நடத்திய காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்த புண்ணியவான்கள் இங்குள்ள பிள்ளைகளின் சாப்பாட்டையும் படிப்பையும் பொறுப்பெடுத்தார்கள். பொறுப்பெடுத்தவரின் பெயர் பிள்ளைக்கு வைக்கப்பட்டது. கந்தனாகப் போன பிள்ளை விடுமுறைக்கு வேறு யாரோவாக வீட்டுக்கு வரும். அந்தப் பெயர்களில் பல ஒரு தலைமுறையோடு உதிர்ந்துவிட்டன. சில ஒட்டிக்கொண்டன. பெனிமன் என்ற ஒரு அம்மையாரின் பெயர் தெல்லிப்பழையில் ஒட்டிக்கொண்டது. அண்ணை நம்பியது இதுதான்: அந்த அம்மையாரின் பெயர் ஒரேயொரு பையனுக்குக் கிடைத்தது, அந்தப் பையன் தன்னுடைய பூட்டன், உலகத்தில் எங்கே ஒரு தமிழ்ப் பெனிமன் இருந்தாலும் அந்த ஒருவனின் வழிவந்தவர்தான்.

இந்த நம்பிக்கையை அவர் ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்பதற்குக் காரணம் உண்டு. சண்டைக் காலத்தில் எல்லாரையும்போல ஊரை விட்டு எழும்பியவர்கள் அவர்கள். இடம்பெயர்ந்த இடத்திலேயே தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். ஒரேயொரு தமையன் ஒருநாள் வெளியே போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஊர் திரும்பிவந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. சில வருடங்களில் மனைவியும் நோயில் போய்விட, அண்ணைக்கு மிஞ்சியது மகள் மெர்சியும் அந்தப் பெயரும்தான்.

அதனால் அவர் பெனிமன்களைத் தேடினார். எப்படித் தேடினார் என்கிறீர்கள்? காலையில் பேப்பர் வந்ததும் மரண அறிவித்தலைத்தான் முதலில் விரிப்பார். பிறந்த ஊரும் இருந்த ஊரும் பிள்ளைகள் இருக்கும் நாடும் அதில் ஒழுங்காகப் போட்டிருக்கும். யாராவது ஒரு பெனிமன் செத்திருந்தால் அன்றைக்கே அந்த வீட்டுக்கு அழைத்துத் துக்கம் விசாரிப்பார். "ஆக்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடமில்லை தங்கச்சி. செத்தவீட்டிலைதான் எங்கடை சனம் உண்மையான பேரைச் சொல்லும்" என்பார். ரயில்வே வேலைக்கென்று மலாயா போனவர்களின் பிள்ளைகள் ஈப்போவில் அகப்பட்டார்கள். லண்டனில் ஒரு குடும்பம், ஸ்காபரோவில் இரண்டு குடும்பம், மெல்பேணில் ஒரு தனிக்கட்டை. "அமெரிக்காவிலை தேடினனீங்களோ? பேர் அங்கையிருந்துதானே வந்தது" என்று நான் சீண்டினால், "அங்கை இருக்கிற பெனிமன்கள் வெள்ளைக்காரர். அவை எங்கடை ஆக்களில்லை" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார்.

மலாயாவில் ஆள் பிடித்தவருக்கு மூக்கடியில் இருந்த பெனிமனைத் தெரியாமல் போனது. ஒருநாள் மருந்துத் துண்டு ஒன்றை எடுத்து "பெனிமன்!" என்று தானே வாசித்துவிட்டு, கூப்பிட்ட வாய் மூடாமல் நின்றார். யன்னலுக்கு வெளியே வந்து நின்றவர் எங்கள் ஊர்ச் சிவபாதம். தலைப்பாகை, நெற்றி நிறையத் திருநீறு, தோட்டத்து மண் காயாத கால். அளவெட்டியில் பெனிமன் வளவு என்று ஒரு காணி உண்டு, அதில் இருப்பவர்களும் அந்தப் பெயரைத்தான் போடுகிறார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்கு அது முருங்கையடி வளவு, ஆலடி வளவு மாதிரி ஒரு காணிப் பெயர். அண்ணையோ யன்னலுக்குள்ளால் தலையை வெளியே போட்டு, "தம்பி, நீ எங்கடை ஆளடா!" என்றார். வரிசையில் நின்றவர்களுக்கு அன்றைக்கு மருந்து நான்தான் கொடுத்தேன். சிவபாதம் அவரை ஒரு வினாடி பார்த்துவிட்டு, "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து அந்த இரண்டு வீடும் ஒரு வீடு. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்குச் சிவபாதம் வீட்டார் தெல்லிப்பழைக்கு, தைப்பொங்கலுக்கு அண்ணையும் மெர்சியும் அளவெட்டிக்கு. வெங்காயம் கிண்டினால் ஒரு மூட்டை அண்ணை வீட்டு விறாந்தையில் இருக்கும். சிவபாதத்தின் மகன் குகனும் மெர்சியும் ஒன்றாகத்தான் ரியூஷன் போனார்கள், ஒன்றாகத்தான் கம்பஸ் போனார்கள். பிறகு நடந்ததை நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

அவர்கள் இருவரும் கலியாணம் என்று வாய் திறந்தபோது, கோயிலும் சேர்ச்சும்தான் குறுக்கே நிற்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. ஆனால் போதகரும் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார், ஐயரும் பேசாமல் இருந்தார். குறுக்கே விழுந்தவர் பெனிமன் அண்ணை. "என்ன விசர்க்கதை கதைக்கினம்? அண்ணன் தங்கைக்கு ஆரும் கலியாணம் செய்து வைப்பினமோ?" என்று என்னிடம் வந்து கத்தினார். முறைப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. தம்பியின் மகன் மகளுக்கு அண்ணன்தான். அன்றைக்கு அந்த யன்னலடியில் 'தம்பி' என்று கூப்பிடாமல் 'மச்சான்' என்று கூப்பிட்டிருந்தால் இந்த வில்லங்கமே வந்திராது என்று சொன்னேன். அதற்கு அவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மெர்சி சாப்பிடாமல் அழுது அடம்பிடிக்கிற ரகமில்லை. "அப்பா ஓம் எண்டு சொன்னால் செய்யிறம். இல்லாட்டி நான் ஒருத்தரையும் செய்யேல்லை" என்று சொல்லிவிட்டு வழமைபோல வேலைக்குப் போய்வந்தாள். அதுதான் அவரை வாட்டியது. சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டிருப்பார்.

ஒரு பின்னேரம் சிவபாதம் என் வீட்டுக்கு வந்து, "கமலா, ஒருக்கா என்னோடை தெல்லிப்பழைக்கு வா. எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு" என்றார். அண்ணை வீட்டு விறாந்தையில் கதிரை நுனியில் இருந்துகொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணை, எங்கடை பூட்டனும் உங்கடை பூட்டனும் ஒரே ஆள் இல்லை. எங்கடை ஆள் அளவெட்டித் தோட்டக்காரன்ரை மோன். உங்கடை ஆள் இங்கத்தையான். அந்த அம்மா ரெண்டு பேரையும் பொறுப்பெடுத்தவ. போர்டிங்கிலை ஒரே பேரோடை ஒரே மேசையிலை இருந்து சாப்பிட்டவை, அவ்வளவுதான். படிப்பு முடிய எங்கடை ஆள் ஊருக்கு வந்து திரும்பவும் திருநீறு பூசினார். பேரை மட்டும் கழட்டேல்லை. இது எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. "தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் என்னை அண்ணை எண்டனி?"

"ஓம். நீங்கள் தலையை வெளியிலை போட்டுத் தம்பி எண்டு கூப்பிட்ட உடனை, இல்லையெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. எனக்கும் கூடப்பிறந்தவை ஒருத்தரும் இல்லை."

அன்றைக்கு அண்ணை எழும்பி உள்ளே போய்விட்டார். நாங்கள் தேத்தண்ணியும் குடிக்காமல் திரும்பிவந்தோம்.

சில நாள் கழித்துச் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். ஆள் வாடிப்போயிருந்தார். "சிவபாதமே இல்லையெண்டால், ஈப்போவிலை இருக்கிறவை ஆர்? லண்டனிலை இருக்கிறவை ஆர்? அந்த மேசையிலை இன்னும் எத்தினை பிள்ளையள் இருந்ததுகளோ? என்ரை அண்ணனைப் பறிகுடுத்தன். அதுக்குப் பிறகு ஒண்டொண்டாச் சேர்த்த ஆக்கள் தங்கச்சி இவையள். இப்ப இவையையும் விடச் சொல்லுறியோ?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது? "மெர்சியை விடுகிறதைவிட அது லேசு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, இனி இந்த மனிசன் என் படலை திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் சைக்கிளைத் திருப்பினார். வீட்டுப் பக்கம் போகவில்லை, பெனிமன் வளவுப் பக்கம் போனார். நான் செருப்பும் போடாமல் பின்னாலேயே ஓடினேன். சிவபாதம் கிணற்றடியில் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றார். அண்ணை வரம்பில் நின்றபடியே சொன்னார்: "டேய், இண்டையிலையிருந்து நீ எனக்குத் தம்பி இல்லை. சம்பந்தி."

சிவபாதம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைத் தோளில் கிடந்த துவாயால் மூடிக்கொண்டார். தண்ணி பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடியது. அதைக் கட்டியவர் அண்ணைதான், வேட்டியோடும் சப்பாத்தோடும்.

கலியாண எழுத்தின்போது பதிவுகாரர் மாப்பிள்ளைப் பக்கமும் பெனிமன், பெண் பக்கமும் பெனிமன் என்று எழுதிவிட்டு, பேனையை வைத்து நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க உறவு தேடி அலைந்த மனிசன் எழும்பிச் சபை கேட்கச் சொன்னார்: "சொந்தமில்லை ஐயா. பயப்பிடாமல் எழுதுங்கோ!" பந்தல் முழுக்கச் சிரித்தது. அவர்தான் எல்லாரிலும் கூடச் சிரித்தார். ஈப்போவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பெனிமன்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் முன்னமே அழைத்து, "நாங்கள் சொந்தமோ இல்லையோ எனக்கு இப்ப தெரியாது. பேர் ஒண்டு. வந்து ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லியிருந்தாராம். உறவு என்று சொன்ன காலத்தில் வராதவர்களும் அந்த அழைப்புக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் மரண அறிவித்தல் பார்த்துத் துக்கம் விசாரிப்பதை அவர் நிறுத்தவில்லை. தெல்லிப்பழை வீட்டு முற்றத்தில் ஒரு பேத்தி வந்து ஓடத் தொடங்கிய பிறகு, அந்த அழைப்புகளில் பாதி நேரம் பேத்தி புராணமாகப் போனது.

இனி, சென்ற கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா. ஒரு நாள் உபயம் தலைமுறை தலைமுறையாகப் பெனிமன் வளவுக்காரருடையது. அன்றைக்குச் சிவபாதம் பட்டுடுத்தி, உபயகாரருக்கான காளாஞ்சி மரியாதை வாங்க வேண்டியவர். அவரோ கோயில் வீதிக்கு எதிர்ப்பக்கம், மதிலோரமாக, சால்வையும் இல்லாமல் நின்றார். உள்ளே வரவில்லை. அண்ணை செத்து முப்பத்தொரு நாள் முடியவில்லை, தனக்குச் செத்தவீட்டுத் துடக்கு, கோயிலுக்குள் வரக்கூடாது என்றார். ஐயர் ஆள் அனுப்பினார், சம்பந்திக்குத் துடக்கில்லை என்று. குகனும் வந்து கெஞ்சினான். "அவர் என்னைத் தம்பியில்லை எண்டு சொன்னவர்தான். நான் அவரை அண்ணையில்லை எண்டு ஒருநாளும் சொல்லேல்லை" என்றார் சிவபாதம். வேதக்காரர் ஒருவருக்காக ஒரு சைவக்காரர் காத்த அந்தத் துடக்கை நான் இதற்கு முன் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை.

பெனிமன் அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அத்தாட்சி கேட்காமல் ஒருவரைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும் அந்தத் துணிவு. என் பெயருக்குப் பின்னால் பெனிமன் இல்லை. அவருக்கும் எனக்கும் ஒரு வழியிலும் உறவு சொல்ல முடியாது. ஆனாலும் அர்ச்சனைத் தட்டைக் குகனிடம் கொடுத்துவிட்டு, நான் வீதியைக் கடந்து சிவபாதத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நாதஸ்வரம் உள்ளே தொடங்கியிருந்தது.

"நீ ஏன் இஞ்சை நிக்கிறாய் கமலா? உள்ளுக்குப் போ. உனக்கு ஆர் செத்தது?" என்றார்.

"என்ரை அண்ணை" என்றேன்.

அவர் சற்று விலகி, மதில் நிழலில் எனக்கும் இடம் விட்டார்.