புளி போட்டு விளக்கிய கத்தி

ஹட்டன் ஸ்டேஷன் வாசலில் ஓட்டோ ஓட்டுகிற நல்லமுத்துவுக்கு இரண்டு சம்சாரம் என்று நான் சொன்னால் வினோதாவே சிரிப்பாள். இளையவள் அவள். மூத்தவள் பிஸ்கட் டின்னுக்குள் பழைய பனியன் துணியைப் போர்த்திப் படுத்திருப்பாள். அவன் அப்பா அழகுமுத்துவின் மடக்குக் கத்திதான் அந்த மூத்தவள்.

அதற்கு இரண்டு அலகு. ஒன்று கிளிமூக்கு மாதிரி வளைந்தது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது சிம்புக் கிளை நறுக்குவதற்கு. மற்றது மழுங்கலான நாக்கு, வெட்டிய தேயிலை மரத்தில் பாசி சுரண்டுவதற்கு. காலில் ஏறும் அட்டைகளையும் அந்த நாக்காலேயே வழித்து எறிவார் அழகுமுத்து. ஒரு நாள் வழித்ததை மட்டும் சேர்த்துக் கட்டியிருந்தால் ஒரு சாக்கு நிரம்பியிருக்கும். சாக்கு தானாகவே லயத்து வீட்டுக்கு நடந்தும் வந்திருக்கும். துரைமார் காலத்தில் சீமையிலிருந்து வந்த கத்தி. வளைந்த அலகு பிடியோடு சேருகிற இடத்தில் செய்தவனின் முத்திரை பொடி எழுத்தில் இருந்தது.

கையில் போன் வந்த பிறகுதான் தன்னைப் போன்ற கிறுக்குகள் உலகம் முழுக்க இருப்பது நல்லமுத்துவுக்குத் தெரிந்தது. மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். பழசு கிடைப்பது அரிதாகிவிட்டதால் சின்னப் பட்டறைகள் பழைய மாதிரிகளைத் தேடிப் பிடித்துப் புதிதாகச் செய்கின்றன. ஆட்டிடையன் வைத்திருந்தது, கப்பல்காரன் வைத்திருந்தது, பழக்காரி வைத்திருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். விற்பனைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். வாங்கியவன் பெட்டியைப் பிரிப்பதைக்கூடப் படம் பிடித்துப் போடுகிறான். எங்கள் தோட்டத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போதுகூட அத்தனை படம் எடுப்பதில்லை.

நல்லமுத்துவும் அப்பாவின் கத்தியைப் படம் எடுத்துப் போட்டான். அந்தப் பாசி நாக்கைப் பார்த்துக் கூட்டமே துள்ளியது. இப்படி ஒரு மாதிரியை ஒருவரும் கண்டதில்லையாம். வெளிநாட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் எழுதினார்: "இதைப் புதிதாகச் செய்வோம். அழகுமுத்து என்றே பெயர் வைப்போம், அலகிலும் பெட்டியிலும். ஆனால் முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் யாரோ துண்டுகளை ஒட்டிச் செய்தது என்பார்கள்." போன் படத்தில் அந்த முத்திரை நசுக்கிய பேன் மாதிரித்தான் தெரிந்தது. அதனால் கூட்டத்தில் ஒருவரான கம்பளை டவுன் இரும்புக்கடை ஸஜ்ஜாத், பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்து அளவெடுப்பதென்று முடிவானது.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்த நல்லமுத்துவின் முகத்தை வைத்தே ஒரு வாரத்துக்கு விளக்கு எரித்திருக்கலாம்.

"டீச்சர், எங்கப்பா பேரு அச்சுல வரப் போவுது!"

அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. அழகுமுத்து கடைசி வரை அடையாள அட்டை கிடைக்காமலே செத்துப்போனவர். இந்த நாடும் அவரைக் குடிமகன் என்று எழுதிக்கொள்ளவில்லை, இந்தியாவும் எழுதிக்கொள்ளவில்லை. புதைத்த மேடு ஒரு மழையில் சரிந்து ஆற்றோடு போய்விட்டது. அவர் பெயர் இருந்த ஒரே இடம் மகனின் வாய்தான்.

ஸஜ்ஜாத் வருவதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. நல்லமுத்து விடிந்ததும் ஸ்டேஷனுக்குச் சவாரி போய்விட்டான். எங்கள் பக்கத்தில் பூஜைக்கு வைக்கிற இரும்பையெல்லாம் பளபளப்பாக்கித்தான் வைப்போம். வினோதாவும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாவற்றையும் மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரைக்குக் கொண்டுபோனாள். கூடவே பிஸ்கட் டின்னும் போனது. புளியும் சாம்பலும் போட்டு விளக்கினாள். கறுப்பு போகாத இடத்தைச் செங்கல் தூளால் தேய்த்தாள். அதிலும் போகாததைப் பீலிக் கல்லில் வைத்து உரசினாள். பிறகு சந்தனம் குங்குமம் இட்டு, ஓட்டோவின் மாற்றுச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் சுண்டலுக்காகப் போயிருந்தேன். சவாரி முடிந்து வந்தவன் சாமி தட்டைப் பார்த்தான். பிறகு அவன் போட்ட சத்தத்தில் நானுஓயாவில் நின்ற ரயில் கார்டு பச்சைக் கொடிக்குப் பதிலாகச் சிவப்பைக் காட்டினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"என்னா புள்ள செஞ்ச? என்னா செஞ்ச?"

"ஏங்க கத்துறீங்க? பொண்ணு பாக்க வாராங்கன்னா மூஞ்சி கழுவ வேணாமா? மாமா கத்திய அழுக்கோடயா காட்டுறது?"

அவன் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புது ரூபாய்க் காசு மாதிரி மின்னியது. முத்திரை இருந்த இடம் வழவழப்பாக இருந்தது. எத்தனையோ வருஷம் ஏறிய கறுப்பு, அப்பாவின் கை வியர்வை பட்ட கறுப்பு, பீலித் தண்ணீரோடு போயே போய்விட்டது. வினோதாவுக்கு விஷயம் புரிந்தபோது அவள் அழவில்லை. புளி ஏறிய தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கு அழுதிருந்தாலே பரவாயில்லை.

"டேய், டீ போடுற என் கேத்தல் எப்படிக் கறுத்துச்சு? தேயிலைச் சாயத்துல ஊறப் போடு" என்றேன்.

தூளை அள்ளிப் போட்டு, மலையையே கறுப்பாக்குகிற சாயம் காய்ச்சி, கத்தியை முக்கி வைத்தான். கறுத்துத்தான் வந்தது. எழுத்து வருமா? சீமெந்துச் சுவரில் அடிக்கிற ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முத்திரையைத் தானே குத்திவிடலாம் என்று அவனுக்கு யோசனை.

"குத்த வேண்டியதுதானே?" என்றேன்.

"மொத எழுத்து தெரியும் டீச்சர். கடைசி எழுத்தும் தெரியும். நடுவுல என்னா இருந்துச்சுன்னு தெரியலையே." ஆணியைச் சுத்தியலின் மேல் வைத்தான். "இத்தன வருசமா தெனம் தொடைச்சேன். ஒரு நாளாவது படிச்சுப் பாத்தேனா?"

மறுநாள் ஸஜ்ஜாத் வந்தார். பிளேன்டீ ஆறிப்போகும்வரை பூதக்கண்ணாடியால் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். நேற்றைய சாயம் மணக்காமல் இருக்குமா?

"ஊறப் போட்டதா?"

நல்லமுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஸஜ்ஜாத் நானா, முத்திரையப் பாத்தேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. எங்கப்பா பேரு..."

"தம்பி, எனக்கும் ஆசதான். காணாததக் கண்டேன்டு எப்படிச் சொல்ற?"

அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது வாசற்படியில் நின்று, "பொஞ்சாதிக்கு ஏசாதீங்க" என்றார். வினோதா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பட்டறைக்காரர் அந்த மாதிரியை விடவில்லை, பெயரைத்தான் விட்டுவிட்டார். முத்திரையும் இல்லாமல், நிரூபிக்க முடியாத ஆளின் பெயரைப் போட முடியாதாம். மழைக்காலத்தில் புதுக் கத்தி வந்தது, வந்ததும் தீர்ந்தது. எங்கோ ஒருவர் பெட்டியைப் பிரித்துக் காட்டுவதை நல்லமுத்து போனில் பார்த்தான். அதே கிளிமூக்கு, அதே பாசி நாக்கு. பெட்டியில் 'தேயிலைத் தோட்டக் கத்தி' என்று இங்கிலீசில் போட்டிருந்தது. எல்லாரும் அதன் அழகைப் புகழ்ந்து தள்ளினார்கள். அவன் போனை அணைத்துவிட்டு, சவாரிக்குப் போகாமல் ஓட்டோவுக்குள்ளேயே சுருண்டு படுத்தான். சோற்றைக் கொண்டுபோன வினோதா சோற்றோடு திரும்பி வந்தாள். இருவரும் சண்டை போட்டால்கூடத் தேவலை என்று எனக்கிருந்தது.

கடைசியில் அந்த ஆணியை எடுத்தவள் அவள்தான். கத்தியைப் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அந்த எழுத்து தெரியாது. மாமா பேரு தெரியும்ல? குத்துங்க" என்றாள்.

முத்திரை இருந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தினான். கோணல் மாணலாக 'அழகு' வந்தது. 'முத்து'வுக்கு இடமில்லை. அதற்குக் கோடாலியில்தான் குத்தியிருக்க வேண்டும். கத்தி சேர்ப்பவர் யாராவது அதைக் கண்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார்.

பிறகு மறுபடியும் சாயம் காய்ச்சி, கத்தியை முக்கிக் கறுப்பாக்கி டின்னில் வைத்தான். அதைப் படம் எடுக்கவில்லை. கூட்டத்தில் யாருக்கும் சொல்லவும் இல்லை.

இந்த வருஷப் பூஜைக்கு வினோதா மற்ற இரும்பையெல்லாம் விளக்கினாள். டின்னை மட்டும் ஈரத்துணியால் துடைத்து அப்படியே வைத்தாள். நல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"புளி எங்க புள்ள?"

"வேணாங்க."

"கொண்டா."

பீலிக்கரையில் குந்தி அவனே கத்தியைத் தேய்த்தான். மேலே இருந்த கறுப்பெல்லாம் கரைந்து ஓடியது. குத்திய குழிகளுக்குள் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. வெள்ளை இரும்பில் 'அழகு' தெளிவாகத் தெரிந்தது, என் கண்ணுக்கே, கண்ணாடி போடாமல்.