சுவிட்ச் போடறதுக்கு எதுக்கு நாலரை வருஷம்?

உருகின மெழுகு வாசனை... கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வரும்.

செங்கம் ரோட்டில், ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் இருந்த பிசியோதெரபி சென்டர். என் முதல் வேலை அங்கேதான். குதிகால் வலி, மூட்டு வலி என்று வருகிறவர்களுக்காக ஒரு தொட்டியில் மெழுகு எப்போதும் உருகிக்கொண்டே இருக்கும்.

ஊரில் யாரும் அதை பிசியோதெரபி என்று சொல்ல மாட்டார்கள். 'கரண்ட் வைக்கிற இடம்'. நான் கரண்ட் வைக்கிற பொண்ணு. ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்து, மல்லுக்கட்டி சீட் வாங்கி, நாலு வருடம் படித்து, ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப் முடித்து வந்தவளுக்கு அந்தப் பெயர். அதில்கூட எனக்குக் கோபம் இல்லை, சிரித்துக்கொள்வேன்.

கோபம் வேறு இடத்தில்.

அங்கே என்னோடு இன்னொருத்தர் இருந்தார். சேகர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூன்று மாத சர்டிஃபிகேட் கோர்ஸ். அதிலும் பாதி நாள் மெஷின் துடைத்ததுதான் என்று அவரே சொல்வார். நல்ல மனுஷன். ஆனால் அவர் கோட்டும் வெள்ளை, என் கோட்டும் வெள்ளை. வருகிறவர்களுக்கு இரண்டு பேருமே டாக்டர். ஓனருக்கு இது ரொம்ப வசதி.

ஒரு பௌர்ணமி முடிந்த மறுநாள், தண்டராம்பட்டு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கிரிவலம் போனதில் குதிகால் வலி. பல வருடமாக சுகர் வேறு. மெழுகு வைக்கும் முன் காலுக்குச் சூடு தெரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, ஒரு டியூபில் வெந்நீரும் இன்னொன்றில் ஐஸ் தண்ணீருமாகப் பாதத்தில் மாற்றி மாற்றி வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீதும்மா" என்றார்.

மெழுகு வேண்டாம், முதலில் சுகர் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள் என்றேன். ஓனருக்கு முகம் மாறியது. பஸ் ஏறி வந்தவரை அப்படியே திருப்பி அனுப்புவதா என்றார். முடியாது என்று நானும் பிடிவாதமாக நின்றேன்.

"சுவிட்ச் போடறதுக்கு எதுக்கும்மா நாலரை வருஷம்? சேகரு, நீ வச்சு வுடு."

அந்த அம்மாவிடமே வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார், ஓனரைப் பார்த்தார். ஓனர் ஆம்பிளை, வயதில் பெரியவர். யார் பேச்சை நம்புவார்?

அடுத்த வாரம் வந்தார். பாதம் முழுக்கக் கொப்புளம். அவருக்கே தெரியவில்லை, மருமகள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். சுகர் கால் என்றால் அப்படித்தான் ஆகும் என்று ஓனர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது...

"மன்னிச்சுக்கம்மா. சுடுதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

அன்றைக்கே வேலையை விட்டேன்.

இப்போது வேங்கிக்காலில் சொந்தமாகச் சின்ன கிளினிக். அன்று இந்த மாதிரி சென்டர் அங்கொன்று இங்கொன்று, இன்று தெருவுக்குத் தெரு போர்டு. படித்துப் பதிவு செய்தவர்தான் இந்த வேலை பார்க்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் மூன்று மாதத்தில் தெரபிஸ்ட் ஆகலாம், பத்தாவது ஃபெயிலும் வரலாம் என்ற நோட்டீஸ் பஸ் ஸ்டாண்ட் சுவரில் இன்றும் ஒட்டியிருக்கிறது. எந்த தைரியத்தில் ஒட்டுகிறார்கள்? ஆட்டோ ஓட்டவே லைசென்ஸ் கேட்கிற ஊரில், மனுஷன் உடம்பைத் தொட ஒன்றும் வேண்டாமா?

போன வாரம் ஒருத்தர், பக்கவாதம் வந்த தன் அம்மாவைக் கூட்டி வந்தார். அம்மாவை உட்கார வைக்காமல், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம்... நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

இத்தனை வருடத்தில் யாருமே என்னிடம் கேட்காத கேள்வி. டிகிரி, ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது, தப்பா எடுத்துக்காதீங்க என்றார்.

"எங்க போனாலும் இதைக் கேளுங்க. கேட்டதுக்கு யாராவது கோச்சிக்கினா, அம்மாவைக் கூட்டிக்கினு எழுந்து வந்துடுங்க."