மயில் ஏறிய நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றுக்கு மறுபிறவி கிடைத்தது. கொடுத்தவள் நான்தான். இன்னும் கை துறுதுறுக்கிறது!

கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக வாங்கிய தேக்கு நாற்காலி அது. கால்கள் இன்றும் கல் மாதிரி இருக்கின்றன. உட்காரும் இடம்தான்... பள்ளம். வீட்டுக்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கிழம பழைய சாமான் லோரி வரும். அதுக்குள்ள உட்கார்ற மாதிரி ஆக்கு. இல்லன்னா ஏத்தி விட்டுருவேன்.”

விடுவேனா? சனிக்கிழமையே கிள்ளான் டவுன் துணிக்கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணன் ஒரு துணியை விரித்தார் — கருநீலத்தில், தோகை விரித்த தங்க மயில்கள்.

“எடுத்துக்குங்கக்கா. லேசுல கிழியாது லா,” என்றார். வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பலகையைக் கழற்றிப் பழைய துணியைப் பிய்த்தேன். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் ரஸ்க் தூளாக உதிர்ந்தது. புது ஸ்பாஞ்ச் வைத்து, துணியை இழுத்துப் பிடித்து, ஸ்டேப்பிள் கன்னால் டக்... டக்... இவ்வளவு சுகமான சத்தத்தை இத்தனை வருடம் யார் என்னிடம் மறைத்தது? மூலையில் சுருங்கியதைப் பிடுங்கி, மடித்து, மறுபடி அடித்தேன். மயில் கச்சிதமாக நடுவில் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“வாங்க, உட்காருங்க,” என்றேன் வீட்டுக்காரரிடம்.

பாதி குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தைப்பூசம் தவறாமல் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறவர்.

“இது மயில் லா. முருகன் வாகனம். இது மேல எப்படி உட்கார்றது?”

எனக்கு இது தோன்றவே இல்லையே! வாசல் பக்கம் லோரியின் ஒலிபெருக்கி கேட்டது. உட்கார முடியாத நாற்காலி... அவர் தீர்ப்புப்படி லோரிக்குத்தானே?

“அப்போ... ஏத்தி விட்டுரலாமா?” என்றேன்.

“மயிலயா? குப்பையிலயா? பேசாம இரு.”

லோரி தெருவைத் தாண்டிப் போய்விட்டது. அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். தோள் துண்டால் ஒரு தரம் துடைத்தும் விட்டார். நான் மணிக்கணக்காக வாதாடியிருந்தாலும் இது நடந்திருக்குமா? ஒரு மயில் சும்மா இருந்தே ஜெயித்துவிட்டது.

மிச்ச நாற்காலிகளுக்குக் கோடு போட்ட துணிதான். இல்லாவிட்டால் நாங்கள் நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும்.