நாலாவது நோட்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இது எங்கள் வீட்டில் நடந்தது. ரெக்கார்டிங் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. திரும்பக் கேட்கத் தைரியமும் இல்லை.

நான் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊசியும் குழாயுமாகத் திரிகிற எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். அக்காவுக்காகத்தான் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தேன்.

அக்கா பியானோ வாசிப்பாள். அவள் கணவர், என் மாமா, பேஸ். கூட டிரம்ஸ் வாசிக்கிறவரை எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு டமாரம் அண்ணன். போன வருஷம் ஒரு சாயங்காலம், அவர் வீட்டில் ஒத்திகை. அக்காவுக்குக் காய்ச்சல், போகவில்லை. ஒத்திகை முடிந்து மாமா தனியாக நடந்து வந்தார். முச்சந்தியில் இடது பக்கம் திரும்பினால் எங்கள் தெரு. அவர் வலது பக்கம் திரும்பினார். நேராகப் போய் ஏரிக்குள் இறங்கிவிட்டார். குடிக்கிற ஆள் இல்லை. வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ஏன் அந்தப் பக்கம் திரும்பினார் என்று யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம் அக்கா பியானோ மூடியைத் திறக்கவே இல்லை. பேச்சும் நின்றுபோனது. தட்டில் போட்டது அப்படியே இருக்கும். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் மாமா பின்னாலேயே போய்விடுவாளோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்ப்பேன்.

டமாரம் அண்ணன்தான் வழி சொன்னார்.

"பேஸ் இல்லாம அவ வாசிக்க மாட்டா. நீ கத்துக்கோ. அவளே வந்து உக்காருவா பாரு."

"எனக்குப் பாட்டு கேக்கவே ஒழுங்கா வராதுண்ணா."

"வாக்கிங் பேஸ் பெரிய வித்தை ஒண்ணுமில்ல. பாட்ட சின்னச் சின்னக் கட்டமா வெட்டிக்கோ. ஒரு கட்டத்துக்கு நாலு நோட்டு, அதாவது நாலு சுரம், நடக்குற மாதிரி ஒரே சீரா. பியானோல ஒண்ணா சேத்து அழுத்துற சுரங்கள்தான் கார்டு. மொதல் நோட்டு நீ நிக்கிற கார்டோட சொந்த நோட்டு. நடுவுல ரெண்டு உன் இஷ்டம். நாலாவதுதான் உயிர். அது அடுத்த கார்டுக்குப் பக்கத்து வீடு. அத வாசிச்சா பியானோக்காரங்க கை தானா அங்க போயிடும். நாலாவது நோட்டுல நீ கூப்பிடுற. அவங்க வர்றாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். எஃப் கார்டிலிருந்து பி ஃப்ளாட்டுக்குப் போக நாலாவது நோட்டு ஏ. இந்த ஒரு இடத்தையே வாரக்கணக்கில் தேய்த்தேன். கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் காதைத் தடவிக்கொண்டே போவார்.

ஒருநாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தப்புடி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பியானோ மூடியைத் திறந்தாள். உட்கார்ந்தாள். நான் அழுதுவிட்டேன்.

முதல் சுற்று. நாலாவது கட்டத்தின் கடைசி நோட்டு, ஏ. சரியாகத்தான் வாசித்தேன். ஆனால் அக்காவின் கை பி ஃப்ளாட்டுக்குப் போகவில்லை. டி ஃப்ளாட்டுக்குப் போனது. அந்தப் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத, இருட்டான கார்டு.

"எங்கக்கா போற?"

"நீதானடி கூப்பிட்ட."

"நான் ஏ-தானே வாசிச்சேன்?"

"சி வாசிச்ச."

டி ஃப்ளாட்டுக்குப் பக்கத்து வீடு, சி. இத்தனை மாதம் தொடாமல் இருந்தவள், கை மறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே இடம். அதே டி ஃப்ளாட். அதற்கடுத்த நாளும். ஆனால் அவள் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். தலையை வாரிக்கொண்டுதான் வாசிக்க உட்காருவாள். வாசிக்கும்போது என்னைப் பார்க்கவே மாட்டாள். என் வலது தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டுவாள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

தப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டேன். சனிக்கிழமை. மணி ஆறு நாற்பது. வெளியே மழை மூட்டம்.

மூன்று சுற்று வாசித்தோம். மூன்றிலும் அக்கா டி ஃப்ளாட்டுக்குப் போனாள். நாலாவது சுற்றில் எனக்கே கேட்டது. என் ஏ-வுக்கு அடியில்... இன்னொரு நோட்டு.

சி.

தடிமனாக. தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது.

நான் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தி அடக்கினேன்.

பேஸ் நிற்கவில்லை.

தும்... தும்... தும்... தும்...

ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

தும்... தும்...

அக்கா வாசித்துக்கொண்டே சிரித்தாள்.

"நிறுத்தாதடி. இன்னும் ஒரு சுத்துதான். அப்புறம் கிளம்பணும்."

"எங்கக்கா?"

"அவர் கூப்பிடுறார்ல."

பியானோ மூடியை ஓங்கிச் சாத்தினேன். அவள் விரல்களை எப்படி இழுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. அறை அமைதியானது.

பிறகு... ஒரே ஒரு நோட்டு.

சி.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் போதும். முச்சந்தியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பினேன்.

அக்கா திரும்பவில்லை.

நேராகப் போனாள். ஏரிப் பக்கம்.

இழுத்தேன். ஒல்லிக் குச்சி அவள். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரே சீரான நடை. அவசரமே இல்லை. கத்தினேன். சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்து குறுக்கே நின்று அவள் தோளைப் பிடித்த பிறகுதான் நின்றாள். கண்ணைச் சிமிட்டினாள்.

"செருப்பு எங்கடி?" என்று கேட்டாள்.

அண்ணன் வீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். அண்ணன் ரெக்கார்டிங்கை ஹெட்போனில் கேட்டார். திரும்ப ஒருமுறை கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமாதானேண்ணா?" என்றேன். அழுகையோடு கொஞ்சம் ஆறுதலும் இருந்தது அந்தக் கேள்வியில். மாமாவாக இருந்தால் கெஞ்சியாவது பார்க்கலாமே.

"இல்லம்மா."

"நல்லா கேளுங்கண்ணா."

"பதினஞ்சு வருஷம் அவன் பக்கத்துல உக்காந்து அடிச்சவன் நான். அவன் எப்பவும் தாளத்துக்கு மயிரிழை பின்னாலதான் வருவான். இது முன்னால நிக்குது. இது அவன் இல்ல."

பிறகு தன் போனைத் தேடி எடுத்தார். மாமாவின் கடைசி ஒத்திகை, அண்ணன் பதிவு செய்தது. அதற்கப்புறம் கேட்க மனசில்லாமல் அப்படியே போட்டு வைத்திருந்தாராம். அதே பாட்டு. மாமாவின் நடை, மயிரிழை பின்னால். நாலாவது கட்டம். கடைசி நோட்டு ஏ.

அதற்கு அடியில், சி.

வாசிப்பு நிற்கிறது. மாமாவின் குரல்: "யாருடா சி வாசிச்சது?"

அண்ணன் சிரிக்கும் சத்தம்: "நீதான் பேஸு. என்னக் கேக்குற?"

அதற்கப்புறம் ஒரு மணி நேரம்கூட மாமா உயிரோடு இல்லை.

பேஸையும் பியானோவையும் விற்றுவிட்டோம். வீடு மாறியாகிவிட்டது. இங்கே பக்கத்தில் ஏரி குளம் எதுவும் இல்லை. அக்கா நன்றாக இருக்கிறாள். அது மாமா இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நேற்று சாயங்காலம் நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு கேட்டது. எஃப்... நடுவில் இரண்டு... அப்புறம் சி. திரும்பத் திரும்ப. கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன்.

"அக்கா... அதப் பாடாதக்கா."

குழாயை மூடிவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

"நான் எங்கடி பாடினேன்? நீதானே இவ்வளவு நேரமா பாடிட்டிருக்க."