ஒரு 'கொனோன்'கூட இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இன்று நினைத்தாலும் முதலில் வெட்கம் வரும், பிறகு சிரிப்பு வரும்.

எங்களுடையது சனிக்கிழமை ஆராதிக்கிற சபை. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று நம்புகிறவர்கள் நாங்கள். சனிக்கிழமை வாலிபர்களுக்கு வேதபாடம் எடுப்பவளும் நான்தான், திங்கட்கிழமை பள்ளியில் பரிணாமம் நடத்த வேண்டியவளும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் கண்டுபிடித்த குறுக்கு வழி, பாடம் நடத்துகிற மலாய் மொழியிலேயே ஒரு சொல்: 'கொனோன்'. 'வந்தானாம், போனானாம்' என்கிறோமே, அந்த 'ஆம்'தான் அது. உயிரினங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறி வந்தன, கொனோன். எல்லாவற்றுக்கும் பொது மூதாதை உண்டு, கொனோன். இப்படியே ஒரே வகுப்பில் பாடத்தை முடித்துவிட்டேன். பாடமும் நடத்தியாச்சு, விசுவாசத்தையும் காப்பாற்றியாச்சு என்று ஒரே பெருமை எனக்கு.

முன்னோட்டத் தேர்வு வந்தது. விடைத்தாள்களை ஆசிரியர்கள் மாற்றித் திருத்துவது எங்கள் வழக்கம். என் வகுப்புத் தாள்கள் பக்கத்து மேசையில் இருந்த, உயிரியல் நடத்தும் மலாய் ஆசிரியைக்குப் போயின. அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார். பரிணாமக் கேள்வியில் வரிக்கு வரி 'கொனோன்'. அடுத்த தாளிலும் அதேதான். அந்தச் சொல்லைத் தவிர பாடத்தில் ஒன்றும் ஏறவில்லை என்பது படித்தாலே தெரிந்தது. உங்கள் பிள்ளைகள் எதையுமே நம்ப மாட்டார்களா என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

அதிகமாக எழுதியிருந்தவள் எங்கள் சபை மூப்பரின் மகள். பல் மருத்துவம் படிக்க வேண்டுமென்று விழுந்து விழுந்து படிக்கிறவள். சபையில் என்னை அக்கா என்பாள், பள்ளியில் டீச்சர். அன்று பதற்றத்தில் அதுகூட மறந்துவிட்டது.

"அக்கா, நீங்க சொன்ன மாதிரிதானே எழுதினேன்? எனக்கு சீட் கிடைக்காதா?"

நான் பயந்து பயந்து சொன்னதை அந்தப் பிள்ளை அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறாள். உண்மையான தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மறுநாளே பள்ளி முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து முதலிலிருந்து தொடங்கினேன். புதைபடிவங்கள் என்ன காட்டுகின்றன, மரபணு என்ன காட்டுகிறது, அறிஞர்கள் ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஒவ்வொன்றாக. பாதிப் பாடத்தை நானே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மூப்பர் என்னைச் சபை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னம்மா, புள்ளைங்களுக்குக் குரங்குக் கதை சொல்லிக் குடுக்கிறியாமே?"

அவர் வாயிலும் ஒரு 'ஆம்'! பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "அண்ணே, இங்க நம்ம நம்புறத சொல்றேன். அங்க சைன்ஸ் சொல்றத சொல்றேன். ரெண்டையும் ஒழுங்கா சொல்றேன் லா. அரைகுறையா சொல்லி உங்க மக சீட்டைக் கெடுக்க மாட்டேன்."

அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். என் வேதபாட வகுப்பே காலியாகிவிடும் என்று பயந்தேன். மகளோ முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

முடிவுகள் வந்த அன்று அவள் தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். உயிரியலில் ஏ! "டீச்சர், ஒரு கொனோன்கூட போடல!" என்று கத்தினாள். பின்னாலேயே மூப்பர், ஆசிரியர் அறை முழுவதற்கும் கறி அடைத்துப் பொரித்த கறிபாப் வாங்கிக்கொண்டு வந்தார். என் புள்ள ஏ, என் புள்ள ஏ என்று காவலாளியைக்கூட அவர் விடவில்லை. மலாய் ஆசிரியை என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அவரிடம், "ஏ வாங்கினாளாமே, கொனோன்?" என்று கேட்டார்.

"பெத்தூல் லா!" என்றார் மூப்பர், உண்மைதான் என்று. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

இப்போது சனிக்கிழமை படைப்பையும் வாய் நிறையச் சொல்கிறேன், திங்கட்கிழமை பரிணாமத்தையும் வாய் நிறையச் சொல்கிறேன். என் விசுவாசத்துக்குக் காவல் என்று நான் நம்பியிருந்த அந்த ஒரு சொல்லை விட்டபிறகும், விசுவாசம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பயம்தான் போய்விட்டது.