குளியலறைக் கதவில் நான் விட்ட பிழை

உடுப்பிட்டியில் எனக்கும் முழங்கால் வருத்தக்காரரான என் கணவருக்கும் ஒரு சின்ன வீடு கட்டினோம். வீட்டுப் படத்தை நானே கீறினேன். ஓர் அறை, சமையலறை, என் தையல் மெசினுக்கு வெளிச்சமான ஒரு மூலை, படியில்லாத குளியலறை. கனடாவில் இருக்கும் என் அண்ணை நான் அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தார்.

“உது வீடே? கோழிக்கூடு. சனம் என்ன கதைக்கும்?”

நான் அசையவில்லை. ஆனால் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்டபோது, “வடிவா இராதக்கா” என்றார் வீடு கட்டிய மேசன். அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

குடிபுகுந்த மூன்றாம் மாதம் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிட்டது. நான் தள்ளத் தள்ள அவர் வலியில் கத்தினார். வாசலுக்கு ஓடிப்போய் உதவிக்குக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து இரும்பு அலவாங்கால் கதவுப் பலகையை நெம்பி உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார். நல்லகாலம், கை எலும்பில் ஒரு வெடிப்போடு தப்பினார்.

செய்தி கேட்டு அண்ணை மறுபடி அழைத்தார். “சின்னதாக் கட்டாதை எண்டு சொன்னனானெல்லே?”

“சின்ன வீடெண்டபடியாத்தான் அவர் விழுந்த சத்தம் உடனை கேட்டது அண்ணை. பிழை வீட்டிலை இல்லை. நான் தலையாட்டினதிலை.”

இப்போது அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. சுவரில் கைப்பிடியும் பூட்டியிருக்கிறோம். என் வீட்டைப் பற்றி யார் புத்திமதி சொன்னாலும், “இதுக்குள்ளை இருக்கப்போறது நீங்களோ, நானோ?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.