செத்தவர் நம்பர்ல யாவாரம்

என் மாப்பிள்ளையைப் பத்திச் சொல்றேன். ஆளு ஆறடி, மூளை அரையடி. எந்த வேலையிலயும் ஆறு மாசம் தாண்டினதில்ல. மேனேஜருக்கு அறிவில்லன்னு சொல்லிட்டு வந்துருவாரு. போன வருசம் என் வீட்டுக் கூடத்துல லேப்டாப்பை விரிச்சு வச்சுக்கிட்டு, "அத்தை, நான் இப்ப முதலாளி"ன்னாரு.

"கடை எங்க மாப்பிள?"

"கடையே வேணாம் அத்தை. ஆர்டர் எனக்கு வரும். நான் கம்பெனிக்குச் சொன்னா அவங்க நேரா வாங்குறவருக்கு அனுப்பிருவாங்க. டிராப் ஷிப்பிங்."

"சரக்கு?"

"கண்ணால கூடப் பாக்க மாட்டேன்."

பானை விக்கிறவன் பானையைத் தட்டிப் பாத்து விப்பான். இவரு போனைத் தட்டுறாரு.

என் புருஷன் முப்பத்தோரு வருசம் பூட்டு, கீல், ஆணி வித்தவரு. வரிக் கணக்கு குடுக்கிற நாள்ல, குடுத்துட்டு வந்துதான் சாப்பிடுவாரு. "அது நம்ம காசு இல்லடி, நம்ம கையில தங்கிட்டுப் போற காசு"ம்பாரு. அதனால கேட்டேன், "லைசென்ஸ் எடுத்தீங்களா? வரிக்குப் பதிஞ்சீங்களா?"

"சரக்கு என் கையில படவே இல்லையே அத்தை, எனக்கெதுக்கு?"

"வாங்குறவன் காசு படுதுல்ல?"

என் மக குறுக்க வந்தா. "அம்மா, அவருக்குத் தெரியும்." ஒவ்வொரு வேலை போறப்பவும் அவ சொல்ற அதே வசனம்.

சரக்கு அனுப்புற கம்பெனி ஒரு நாள் கேட்டுச்சாம்: வாங்கி விக்கிற ஆளுன்னா உங்க வரி நம்பரைக் குடுங்க, வரி போடாம தரோம்னு. இந்த மகராசன் என்ன பண்ணாரு? பின்கட்டுல சாத்தியிருந்த எங்க பழைய கடை போர்டுல துருவைச் சுரண்டி, அதுல இருந்த என் புருஷன் வரி நம்பரை எழுதிக் குடுத்துட்டாரு. அதே நம்பரைப் போட்டு பில் அடிச்சு, ஊர்ல இருக்கறவன்கிட்டல்லாம் வரியும் வசூல் பண்ணாரு. என் புருஷன் செத்து நாலு வருசம். அந்த நம்பரை அப்பவே நானே வரி ஆபீஸ்ல போய் ஒப்படைச்சுட்டு வந்தேன்.

வசூல் பண்ண வரியைக் கட்டலன்னு வரி ஆபீஸ்லருந்து நோட்டீஸ் வந்துச்சு, செத்தவர் பேருக்கு. உசுரோட இருந்தவரைக்கும் ஒரு நோட்டீஸ் வாங்காத மனுசன். செத்தப்புறம் திருட்டுப் பட்டம்.

"ஒரே குடும்பம்தானே அத்தை. மாமா நம்பர் சும்மாதானே கிடந்துச்சு?"

"மாமா செருப்பும் சும்மாதான் கிடக்கு. போட்டு நடங்க பாப்போம். ரெண்டு காலும் ஒண்ணுக்குள்ள போயிரும்."

நம்பரை ஒப்படைச்ச ரசீதை எடுத்துக்கிட்டு, மாப்பிள, மக கூட நானே வரி ஆபீஸுக்குப் போனேன். அங்க இருந்த அதிகாரியம்மா சின்ன வயசு, ஆனா தெளிவு. சொந்தப் பேர்ல பதியணும், வசூல் பண்ண வரியைக் கட்டணும், வீட்டுல இருந்து யாவாரம் பண்ண லைசென்ஸ் வேணும், அதுக்கு வீட்டு ஓனர் சம்மதிச்சுக் கையெழுத்து போடணும்னு சொன்னாங்க. ஓனர் நான்தான். மாப்பிள நைசா சம்மதத் தாளை என் பக்கம் தள்ளுனாரு.

"முதல்ல நீங்க எழுதுங்க. அந்த நம்பரை எடுத்தது நான்தான், மாமாவுக்குச் சம்பந்தமில்லன்னு."

"அப்புறம் அபராதம் என் தலையில விழுமே அத்தை!"

"பின்ன, அவரு எந்திரிச்சு வந்து கட்டுவாரா?"

அதிகாரியம்மா இருமுற மாதிரி சிரிச்சாங்க. மாப்பிள எழுதுனாரு. மகளைப் படிக்கச் சொன்னேன். 'எடுத்தேன்'னுக்கு முன்னால 'தெரியாமல்'னு ஒரு வார்த்தையைச் சொருகியிருந்தாரு. அதைக் கோடு போட்டு அடிக்க வச்சேன். என் புருஷன் மேல தப்பில்லன்னு அவங்க எழுதி முத்திரை குத்துனதுக்கப்புறம்தான் பேனாவைத் தொட்டேன்.

இப்ப லைசென்ஸ் கூடத்துல தொங்குது, மாப்பிள சொந்தப் பேர்ல. வந்தவங்க எல்லாருக்கும் காட்டுறாரு, பட்டம் வாங்குன கணக்கா. கடை போர்டை நான் எழுத்து சுவத்தைப் பாக்கத் திருப்பி வச்சுட்டேன். மாப்பிள பார்வையே அதுக்கு ஆகாது.